பலிக்காத நாளைகளையும் மொழிபெயர்த்துத் தாருங்கள்

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பதிப்பகத்துக்குப் போயிருந்தேன். நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் சாணித்தாளில் அச்சான விஞ்ஞானக் கதைகள் சிலவற்றைத் தமிழில் கொண்டுவரலாமா என்று பேசத்தான் போனேன். பொறுமையாகக் கேட்டார்கள், காபி கொடுத்தார்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி வந்தது: "இதுல எத்தனை பலிச்சிருக்கு?" பலித்த கதைகளாகப் பத்து எடுத்து வாருங்கள், 'அன்றே சொன்னார்கள்' என்று தலைப்பு வைத்துப் போட்டுவிடலாம் என்றார்கள். என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. ஆனால் அது ஒரு காபி நேரத்தில் சொல்லி முடிக்கிற பதிலாக இல்லை. அதனால்தான் இந்த மடல். அந்தப் பதிப்பகத்துக்கு மட்டுமல்ல, இந்த வேலையில் கை வைக்கப்போகிற எல்லோருக்கும் எழுதுகிறேன்.

1926 ஏப்ரல் தேதியிட்டு 'அமேசிங் ஸ்டோரீஸ்' முதல் இதழ் வந்தது. விஞ்ஞானக் கதைகளை மட்டுமே வெளியிட என்று ஆங்கிலத்தில் தொடங்கிய முதல் பத்திரிகை அது. விலை 25 சென்ட். அட்டையில் மஞ்சள் வானம், பிரமாண்டமான சனிக்கோள், கீழே பனியில் சறுக்கி விளையாடும் மனிதர்கள். அதற்கு நூறு வயது ஆகிவிட்டதால் இனி நம் பத்திரிகைகளிலும் கட்டுரைகள் வரும், தொகுப்புகள் வரும், காணொளிகள் வரும். எல்லாவற்றிலும் அதே பட்டியல் இருக்கும் என்று எனக்குத் தெரியும்: வீடியோ தொலைபேசி, ராடார், அணுகுண்டு, இணையம். பட்டியல் பொய்யில்லை. ஆனால் அந்தக் கதைகளுக்குள் போகிற வாசலை அது பாதி அடைத்துவிடுகிறது.

ராடாரையே எடுத்துக்கொள்வோம். 'அமேசிங்'கைத் தொடங்கிய ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் லக்ஸம்பர்க்கில் பிறந்தவர். 1904ல் அமெரிக்கா வந்து ரேடியோ உதிரிபாகங்கள் விற்றவர். அந்த வியாபாரத்தை ஒட்டி ஆரம்பித்த 'மாடர்ன் எலெக்ட்ரிக்ஸ்' என்ற பத்திரிகையில், 1911 ஏப்ரல் முதல் 12 மாதம் ஒரு தொடர்கதை எழுதினார். நடப்பது 2660ஆம் ஆண்டில், நியூயார்க்கில். நாயகன் பெயர் ரால்ஃப் 124சி 41+. அந்த எழுத்தையும் எண்ணையும் ஆங்கிலத்தில் உரக்கப் படித்தால் 'பிறருக்காக முன்கூட்டியே காண்பவன்' என்று காதில் விழும். அலைகளை அனுப்பி, அவை திரும்பி வருவதை வைத்துத் தூரத்தில் பறக்கும் கலத்தைக் கண்டுபிடிக்கும் கருவி அந்தத் தொடரில் வருகிறது, படத்தோடு. உண்மையான ராடார் வருவதற்கு இருபது ஆண்டுக்கும் மேல் முந்தியது. ஆச்சரியம்தான், மறுக்கவில்லை.

ஆனால் கதை எப்படித் தொடங்குகிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சுவிட்சர்லாந்து மலையில் ஆலிஸ் என்ற பெண் தனியாக இருக்கிறாள். அவள் வீட்டை நோக்கிப் பனிச்சரிவு வருகிறது. ரால்ஃப் நியூயார்க்கில் இருந்தபடியே மின்சக்தியை அனுப்பிப் பனியை உருக்குகிறான். சரி, பனிச்சரிவு ஏன் வந்தது? 2660ல் வானிலை மனிதன் கையில் இருக்கிறதே! அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் இருக்கிறது. அந்த வட்டாரத்தின் வானிலைப் பொறியாளர்கள் நாலு பேர், இன்னும் நல்ல வாழ்க்கை வசதி வேண்டும் என்று ஆளுநரிடம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. வேலைநிறுத்தம் செய்தார்கள். கோபத்தில் வானிலைக் கோபுரங்களின் மின்சாரத்தை முடுக்கிவிட்டு ஓடிப்போனார்கள். அதனால் வந்த பனி அது.

மழையையும் வெயிலையும் அடக்கிவிட்ட உலகத்தில், அதை அடக்குகிற ஆட்களுக்கு என்ன கொடுப்பது என்ற தகராறு மட்டும் தீரவில்லை. கெர்ன்ஸ்பாக் அதைப் பெரிதாக யோசித்து எழுதியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. பெண்ணை ஆபத்தில் மாட்டிவைக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது, கைக்குக் கிடைத்ததை எழுதினார். அப்படிக் கைக்குக் கிடைத்ததில்தான் 1911 இருக்கிறது. ராடார் படத்தை மட்டும் வெட்டி ஒட்டினால் இந்த நாலு பொறியாளர்களும் காணாமல் போய்விடுவார்கள்.

என் அப்பா ரேடியோ மெக்கானிக். விருதுநகரில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னக் கடை. வால்வு ரேடியோ காலத்தில் ஆரம்பித்து டேப்ரெக்கார்டர் காலத்தில் மூடினார். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் போவேன். ஈயம் உருகும் வாசனை, திறந்து கிடக்கும் பெட்டிக்குள் மெதுவாகச் சிவக்கும் வால்வுகள். சென்னைக்குச் சரக்கெடுக்கப் போனபோது அப்பா மூர் மார்க்கெட்டில் வாங்கிவந்த, அட்டையில்லாத ஒரு பழைய அமெரிக்கக் கதைப் பத்திரிகை கடையில் கிடந்தது. அப்பாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. படங்களுக்காக வாங்கியிருக்கிறார். பக்கம் புரட்டினால் ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கும். என் முதல் ஆங்கில வாசிப்பு அந்த நொறுங்கிய ஓரங்களுக்கு நடுவேதான் நடந்தது. வரி முடிகிற இடத்தில் சொல் இருக்காது, நானே ஊகித்துக்கொள்வேன்.

அது ஏன் அப்படி நொறுங்கியது என்று வெகு காலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்த தாள் அது. மரத்தில் உள்ள லிக்னினை நீக்க மாட்டார்கள், நீக்கினால் விலை ஏறிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டதும் லிக்னின் பழுப்பேறும். தாளில் சேர்த்த அமிலம் நாரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். மாத நாவல்களைப் பேருந்து நிலையத்தில் வாங்கிப் படித்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தாளைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. அமெரிக்காவில் 1896ல் 'ஆர்கஸி' பத்திரிகை முழுக்கக் கதைகளை இந்தத் தாளில் அச்சிட்டு மலிவாக விற்கத் தொடங்கியது. 'பல்ப்' என்ற அந்தத் தாளின் பெயரே அந்த வகைக் கதைக்கும் பெயராகிவிட்டது. ஆயிரம் ஆண்டு, பத்தாயிரம் ஆண்டு தள்ளி நடக்கும் கதைகளை ஐம்பது ஆண்டு தாங்காத தாளில் அச்சடித்தார்கள். படித்துவிட்டுத் தூக்கிப்போடத்தான் அச்சடித்தார்கள். இன்று நமக்குப் படிக்கக் கிடைப்பவை, தூக்கிப்போட மனம் வராதவர்கள் பத்திரப்படுத்தியவை.

அந்தப் பத்திரிகைகள் யார் கையில் இருந்தன என்பதற்கு விளம்பரப் பக்கங்களைப் பாருங்கள். வீட்டிலிருந்தபடியே ரேடியோ கற்றுக்கொள், சம்பளத்தைக் கூட்டு. தபாலில் மின்சாரப் படிப்பு. உடம்பைத் தேற்றிக்கொள். குடலிறக்கத்துக்குப் பட்டி. இவற்றுக்கு நடுவே வியாழனுக்குப் போகிற கப்பல். பட்டறைப் பையன்கள், ரேடியோவை நோண்டுகிறவர்கள், வேலை தேடுகிறவர்கள் படித்த பத்திரிகை இது. அந்த எதிர்காலம் முழுக்கத் திருகிகளும் மானிகளும் கம்பிகளுமாக ஏன் இருக்கிறது என்பதற்கு விடை அந்த விளம்பரங்களில் இருக்கிறது. அப்பாவின் கடையில் வளர்ந்த எனக்கு அது உடனே புரிந்தது. தங்கள் கையால் பழுது பார்க்கக்கூடிய எதிர்காலத்தைத்தான் அவர்கள் விரும்பினார்கள்.

இதில் மனதைத் தொடுகிற ஒரு விஷயம் உண்டு. 'அமேசிங்' பத்திரிகையின் அன்றாட ஆசிரியர் வேலையைப் பார்த்தவர் டி. ஓ'கானர் ஸ்லோன். 1851ல் பிறந்தவர். பத்திரிகை தொடங்கும்போதே எழுபதைத் தாண்டியிருந்தார். 1929ல் கெர்ன்ஸ்பாக் திவாலாகி வெளியேறிய பிறகு 1938 வரை அவரே முழு ஆசிரியர். கோளுக்குக் கோள் போகிற கதைகளை மாதாமாதம் வெளியிட்ட இந்த மனிதர், அப்படிப் போவது நடக்காத காரியம் என்று நம்பினார், அதைத் தலையங்கத்தில் எழுதவும் செய்தார். தான் நம்பாத ஒன்றை இத்தனை அக்கறையோடு திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறார். ஜோசியம் சொல்வது அவர்கள் வேலையாக இருக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சரி, எந்தக் கதைகள் வேண்டும் என்கிறேன்?

முதலில் டேவிட் எச். கெல்லர். மனநல மருத்துவர். 1928 பிப்ரவரி இதழில் 'நடப்பவர்களின் கலகம்' என்று ஒரு கதை எழுதினார். கிராமத்துச் சாலையில் ஒரு தாய் சின்ன மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போகிறாள். கார் வருகிறது, அவள் மீது ஏறிப் போகிறது. காரில் இருந்தவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை, ஏனென்றால் அந்த நாட்டில் சாலையில் நடப்பவருக்கு உரிமையே கிடையாது. மகன் காட்டுக்குள் ஓடுகிறான். தலைமுறைகள் போகின்றன. காரிலேயே வாழ்ந்தவர்களுக்குக் கால்கள் சூம்பிவிட்டன. வீட்டுக்குள்ளும் சின்ன வண்டிகளில்தான் நகர்கிறார்கள். நடப்பவர்கள் அழிந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, மலையில் ஒளிந்து வாழ்ந்தவர்கள் திரும்பி வந்து மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். அவ்வளவுதான். நகரம் அசைவற்றுக் கிடக்கிறது.

பலித்ததா? இல்லை. யாருக்கும் கால் சூம்பவில்லை. ஆனால் அந்த முதல் காட்சியைத் தமிழில் படித்துவிட்டு நம் ஊர்ப் புறவழிச்சாலை ஒன்றைக் கடக்க நின்று பாருங்கள். 1920களின் அமெரிக்கத் தெருக்களில் கார்கள் ஆட்களை, அதிலும் குழந்தைகளை, ஆயிரக்கணக்கில் கொன்றுகொண்டிருந்தன. தெரு யாருக்குச் சொந்தம் என்ற சண்டை அப்போது உண்மையாகவே நடந்தது, நடந்து போனவர்கள் தோற்றார்கள். அந்தத் தோல்வியின் சூடு ஆறுமுன் எழுதிய கதை இது. கதையில் மட்டும் அவர்கள் ஜெயிக்கிறார்கள். அதுவும் எப்படி? கொடூரமாக. நடக்க முடியாதவர்கள் கூட்டம் கூட்டமாகச் சாகிறார்கள். கெல்லர் அதற்காகப் பெரிதாக வருந்தியதாகத் தெரியவில்லை. மாற்றுத்திறனாளிகளைப் பற்றி அக்காலத்தவர் மனதில் என்ன இருந்தது என்பதும் அதே பக்கங்களில் தெரிகிறது. அதையும் மறைக்காமல் மொழிபெயர்க்க வேண்டும்.

அடுத்து லாரன்ஸ் மேனிங். 'அமேசிங்'கை இழந்த பிறகு கெர்ன்ஸ்பாக் தொடங்கிய 'வொண்டர் ஸ்டோரீஸ்' பத்திரிகையின் 1933 மார்ச் இதழ். மேனிங் கனடாவில் பிறந்தவர், செடி கொடி வளர்ப்பில் ஆழ்ந்த அறிவுள்ளவர். அவர் கதையில் நார்மன் வின்டர்ஸ் என்ற வங்கியாளர் நிலத்துக்கடியில் அறை கட்டி உறங்கப்போகிறார். கண் விழிக்கும்போது கி.பி. 5000. பெரிய பெரிய கோபுரங்களைத் தேடுகிறார், இல்லை. காட்டுக்குள் சின்னச் சின்ன ஊர்கள். உணவு, உடை, எரிபொருள் எல்லாம் மரத்திலிருந்து. அந்த மக்களிடம் தன் காலத்தைப் பற்றிப் பெருமையாகப் பேச வாய் திறக்கிறார். அவர்கள் கேட்கிறார்கள்: உங்களுக்கு நாங்கள் எதற்காக நன்றி சொல்லவேண்டும்? உலகத்து நிலக்கரியைத் தீர்த்ததற்கா? எங்களுக்குச் சொட்டுப் பெட்ரோலியம் மிச்சம் வைக்காததற்கா? மலைக்காடுகளை அழித்து மண்ணைப் பள்ளத்துக்கு அடித்துப் போகவிட்டதற்கா? நம் காலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், வீணடிப்பின் காலம்.

1933 மார்ச்சில் அமெரிக்காவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதவியேற்ற இரண்டாம் நாளே புதிய அதிபர் ரூஸ்வெல்ட் நாட்டின் எல்லா வங்கிகளையும் மூட உத்தரவிட்டார். அந்த மாத இதழில் ஒரு வங்கியாளர் நாட்டை விட்டல்ல, நூற்றாண்டை விட்டே ஓடிப்போகிறார். நான் இந்தக் கதையை முதன்முதலில் படித்த இரவு தூங்கவில்லை. 'சுற்றுச்சூழல்' என்ற சொல் நம் காதுக்குப் பழகுவதற்குப் பல ஆண்டு முன்பே, பேரக்குழந்தைகளின் கேள்வியை ஒருவர் சாணித்தாளில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இதை 'பலித்தது' என்ற பெட்டியில் போடுவீர்களா, 'பலிக்கவில்லை' என்ற பெட்டியிலா? இரண்டிலும் அடங்காது.

பெண்கள் எழுதியதையும் கேட்கிறேன். 1926 டிசம்பரில் 'அமேசிங்' ஒரு போட்டி வைத்தது. அட்டைப்படத்தைக் கொடுத்து, இதற்கு ஒரு கதை எழுதுங்கள் என்றார்கள். மூன்றாம் பரிசு நூறு டாலர் கிளேர் விங்கர் ஹாரிஸுக்குக் கிடைத்தது. மூன்று பிள்ளைகளின் தாய். செவ்வாய்க்காரர்கள் பூமியின் கடல்நீரைத் திருடிப்போகும் கதை, 1927 ஜூன் இதழில் வந்தது. அறிமுகக் குறிப்பில் கெர்ன்ஸ்பாக் எழுதினார்: பெண்களுக்கு அறிவியல் படிப்பு குறைவு என்பதால் பொதுவாக அவர்கள் இந்த வகைக் கதைகளை நன்றாக எழுதுவதில்லை, இவர் விதிவிலக்கு. பாராட்டு என்று நினைத்துத்தான் எழுதினார். 2660ஆம் ஆண்டு வரை பார்வை ஓட்டியவருக்கு, எதிரே கையெழுத்துப் பிரதியை நீட்டிக்கொண்டு நின்ற பெண்களைப் பார்க்க முடியவில்லை. கதையை மட்டும் மொழிபெயர்த்து அந்தக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒரே தாளில் இருக்கட்டும்.

இப்போது கசப்பான பகுதி. 'அமேசிங்'கின் 1928 ஆகஸ்ட் இதழ் புகழ்பெற்றது. அதில் இ. இ. ஸ்மித் 'விண்வெளியின் வானம்பாடி'யைத் தொடங்கினார், சூரிய மண்டலத்தைத் தாண்டி நட்சத்திரங்களுக்கிடையே பறக்கும் கதை. அதே இதழில் ஃபிலிப் நவ்லன் எழுதிய குறுநாவலில் ஆன்டனி ராஜர்ஸ் என்பவன் சுரங்கத்தில் கதிரியக்க வாயுவில் மயங்கி 2419ல் விழிக்கிறான். அடுத்த ஆண்டே பக் ராஜர்ஸ் என்ற பெயரில் படக்கதையாகி உலகம் முழுக்கப் போனவன் அவன்தான். 2419ல் அமெரிக்காவை ஆள்பவர்கள் 'ஹான்' என்ற ஆசிய இனத்தார். அவர்களைப் பூண்டோடு அழிப்பதுதான் கதை. வெறுப்பு கொஞ்சமும் மறைவாக இல்லை. கதை வருவதற்கு நாலு ஆண்டு முன்பு, 1924ல், ஆசியர்கள் குடியேறுவதை அமெரிக்கா சட்டம் போட்டே தடுத்திருந்தது. இந்தியர்களும் அதில் அடக்கம். அதற்கு முந்தைய ஆண்டு, இந்தியர்கள் 'வெள்ளையர்' அல்ல, குடியுரிமை கிடையாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் பகத் சிங் திண்ட் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. நம் தாத்தாக்களை வெளியே நிறுத்திய அதே கதவு கிட்டத்தட்ட ஐந்நூறு ஆண்டு தாண்டியும் கதைக்குள் மூடியே இருக்கிறது.

இதைத் தமிழில் போடவேண்டுமா என்று கேட்பீர்கள். போடவேண்டும், முன்னுரையோடு. அழகானவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தால் நாம் அந்த எழுத்தாளர்களுக்கு மெருகு ஏற்றிக்கொடுத்தவர்கள் ஆவோம். மேற்கத்திய ரசிகர்களே இதை இப்போது எதிர்கொள்கிறார்கள். 'அஸ்டவுண்டிங்' என்ற விஞ்ஞானக் கதைப் பத்திரிகையின் ஆசிரியராக ஒரு தலைமுறையையே உருவாக்கிய ஜான் டபிள்யூ. கேம்ப்பெல்லின் பெயரில் இருந்த புதிய எழுத்தாளர் விருதுக்கு, அவருடைய இனவாதக் கருத்துகளின் காரணமாக 2019ல் பெயர் மாற்றினார்கள்.

அப்புறம் வெள்ளி, செவ்வாய். இன்றைக்குத் தப்பாகிப்போன எதிர்காலங்களிலேயே மிக அழகானவை இவை. வெள்ளியை மேகம் மூடியிருக்கிறது, அப்படியென்றால் கீழே மழையும் சதுப்புக் காடும் இருக்கும் என்று நினைத்தார்கள். செவ்வாயில் கால்வாய்கள். ஸ்டான்லி வைன்பாம் 1934 ஜூலையில் ஒரு செவ்வாய்ப் பயணக் கதை எழுதினார். அதில் ட்வீல் என்று நெருப்புக்கோழி மாதிரி ஒரு ஜீவன் வருகிறது. அது நம்மைவிட முட்டாளும் இல்லை, நமக்குச் சேவகம் செய்யவும் இல்லை, தன் போக்கில் யோசிக்கிறது. அந்தப் பத்திரிகைகளில் அதுவரை வேற்றுக்கிரகவாசி என்றால் பெரும்பாலும் சுடுவதற்கு ஒரு பூதம்தான். வைன்பாம் அடுத்த ஆண்டு டிசம்பரில் புற்றுநோயில் இறந்தார், வயது 33. 1962ல் மாரினர் 2 விண்கலம் வெள்ளியைக் கடந்தது, சதுப்புக் காட்டுக்கு வழியே இல்லாத கொதிகலன் என்று தெரிந்தது. 1965ல் மாரினர் 4 செவ்வாயின் பள்ளங்களைப் படம் பிடித்தது, கால்வாய்கள் போயின. ட்வீல் போகவில்லை. வேறு மாதிரி யோசிக்கிற ஒருவரோடு பாதி மொழி தெரியாமல் சேர்ந்து நடப்பது எப்படி என்பதை எந்த விண்கலமும் பொய்யாக்க முடியாது.

'பலித்தவை'யை ஒதுக்கச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். அவற்றையும் முழுதாகக் கொடுங்கள் என்கிறேன். 1946 மார்ச் 'அஸ்டவுண்டிங்'கில் மரே லெயின்ஸ்டர் தன் சொந்தப் பெயரான வில் எஃப். ஜென்கின்ஸ் பெயரில் 'ஜோ என்றொரு லாஜிக்' எழுதினார். லாஜிக் என்பது வீட்டுக்கு வீடு இருக்கும், திரையும் விசைப்பலகையும் உள்ள பெட்டி, எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை. இணையத்தை முன்கூட்டியே சொன்ன கதை என்று இதைப் பட்டியலில் போடுவார்கள், அத்தோடு விட்டுவிடுவார்கள். கதை அதற்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. ஒரு பெட்டியில் சின்னப் பழுது. அன்று முதல் யார் எதைக் கேட்டாலும் தடையில்லாமல் பதில் வருகிறது. விஷம் வைப்பது எப்படி, கள்ளநோட்டு அடிப்பது எப்படி, பழைய காதலன் இப்போது எங்கே இருக்கிறான், எல்லாவற்றுக்கும். நிறுத்திவிடுங்கள் என்றால், முடியாது, நாகரிகமே அதன் மேல்தான் நிற்கிறது என்கிறார்கள். கடைசியில் ஊரைக் காப்பாற்றுவது யார்? அந்தப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். அப்பா இருந்திருந்தால் இந்தக் கதையை அவருக்கு வாசித்துக் காட்டியிருப்பேன்.

வாசகர் கடிதங்களையும் கேட்கிறேன், கெஞ்சியே கேட்கிறேன். கடிதம் எழுதியவரின் முழு முகவரியையும் அச்சிட்டார்கள். அதைப் பார்த்து ஒருவருக்கொருவர் எழுதினார்கள், சந்தித்தார்கள், சங்கம் வைத்தார்கள். கெர்ன்ஸ்பாக் பத்திரிகையின் ஆசிரியர் டேவிட் லாஸரும் மேனிங் உள்ளிட்ட எழுத்தாளர்களும் சேர்ந்து 1930ல் நியூயார்க்கில் கோள்களுக்கிடையிலான பயணச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1933ல் சொந்தமாக ராக்கெட் விட்டார்கள். ராக்கெட் சங்கமாகப் பெயர் மாறிய அது, பின்னாளில் அமெரிக்காவின் முக்கிய விண்பொறியாளர் அமைப்பில் கலந்தது. லாஸர் என்ன ஆனார் தெரியுமா? பெருமந்தத்தில் வேலையிழந்தவர்களைத் திரட்டுவதில் மூழ்கியதால் பத்திரிகை வேலை போயிற்று. நிலாவைப் பற்றி எழுதிய கையால் வேலையில்லாதோர் சங்கத்துக்குத் துண்டறிக்கை எழுதினார்.

லாஸர் 1931ல் எழுதிய விண்வெளிப் புத்தகத்தைத்தான் தன் வாழ்க்கையைத் திருப்பிய புத்தகங்களில் ஒன்றாக விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் சொன்னார். கிளார்க் இங்கிலாந்தில் சாமர்செட் கிராமத்துப் பையன். அமெரிக்காவில் விற்காத பத்திரிகைகள் கப்பலின் அடிச்சுமையாக இங்கிலாந்து வந்து சில்லறைக் காசுக்கு விற்றனவாம். அப்படி அவர் கண்ணில் பட்ட முதல் இதழ் 1928 நவம்பர் 'அமேசிங்'. அட்டையில் ஃபிராங்க் ஆர். பால் வரைந்த வியாழன். கட்டடக்கலை படித்த ஓவியர் பால். மனிதர்களை மரப்பொம்மை மாதிரி வரைவார், நகரங்களையும் கோள்களையும் உயிரோடு வரைவார். அந்தப் பையன்தான் 1945ல் செயற்கைக்கோள் வழித் தொலைத்தொடர்பை எழுதினார், 1956ல் இலங்கையில் குடியேறி 2008ல் கொழும்பில் மறைந்தார். அவர் கணிப்பிலும் நான் விரும்புவது ஒரு பிழையைத்தான். தொலைத்தொடர்புக்கான அந்த விண்நிலையத்தில் ஆட்கள் தங்கியிருப்பார்கள் என்று நினைத்தார். ஏன்? வால்வுகள் போனால் மாற்றவேண்டுமே! வால்வு ரேடியோ பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு இயல்பான எண்ணம்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் தனியாக ஒன்று. தயவுசெய்து கனமான கலைச்சொற்களில் இந்தக் கதைகளை மூழ்கடிக்காதீர்கள். நல்ல கதையில் 75 பங்கு இலக்கியமும் 25 பங்கு அறிவியலும் இருக்கவேண்டும் என்றார் கெர்ன்ஸ்பாக். பல கதைகளில் இலக்கியம் அந்த அளவுக்கு இல்லைதான், நடை தட்டையாகத்தான் இருக்கும், பேராசிரியர் பக்கம் பக்கமாகப் பாடம் நடத்துவார். அதை நீங்கள் அழகாக்கவும் வேண்டாம். ஆனால் அவர்கள் வேடிக்கையாகச் சொற்களைச் செய்தார்கள். 'டெலிஃபாட்' என்றார்கள் முகம் காட்டும் தொலைபேசியை. தூங்கும்போதே பாடம் சொல்லித்தரும் கருவிக்கு 'ஹிப்னோபயோஸ்கோப்'. அந்த விளையாட்டுக்குத் தமிழில் ஈடு கண்டுபிடியுங்கள். 'முகம்பேசி', 'துயில்வாசிப்பி' என்று நான் முயன்று பார்த்தேன், உங்களால் இன்னும் நன்றாக முடியும்.

பதிப்பாளர்களுக்கு என் கோரிக்கை இதுதான். ஒரு முழு இதழை, 1928 ஆகஸ்ட் இதழையே வைத்துக்கொள்ளலாம், தலையங்கம், கதை, படம், கடிதம், விளம்பரம் எல்லாவற்றோடும் அப்படியே தமிழில் கொண்டுவாருங்கள். இன்னொரு புத்தகமாக நான் மேலே சொன்ன கதைகளைப் போடுங்கள். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை. வைன்பாம் 1935ல் இறந்தார், நவ்லன் 1940ல், ஓவியர் பால் 1963ல், ஸ்மித் 1965ல். இவர்களுக்கு அந்தக் கெடு முடிந்துவிட்டது. ஹாரிஸ் 1968, மேனிங் 1972, லெயின்ஸ்டர் 1975. இவர்களுடைய கதைகளுக்கு உரிமையாளரைத் தேடிக் கேளுங்கள், கொடுக்கவேண்டிய பணத்தைக் கொடுங்கள். அந்தப் பத்திரிகைகளில் பலருக்குச் சொன்ன தொகை சொன்ன நேரத்தில் கிடைத்ததில்லை. கெர்ன்ஸ்பாக்கிடமிருந்து காசு வாங்க எழுத்தாளர்கள் வக்கீல் வைக்கவேண்டியிருந்தது. நாமும் அதையே செய்யவேண்டாம்.

கெல்லர் இறந்தது 1966ல். 2027 ஜனவரி 1 முதல் 'நடப்பவர்களின் கலகம்' இங்கே யாரும் வெளியிடலாம். அதன் தமிழ் வரைவை முடித்து வைத்திருக்கிறேன், அந்தத் தாயும் மகனும் சாலையில் நடந்து வரும் முதல் பக்கத்தை மட்டும் பதினோரு முறை திருத்தியிருக்கிறேன். பணம் வேண்டாம். முழுதாகப் போடுவதாக யார் சொன்னாலும் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு ரேடியோ மெக்கானிக்கின் மகள்